ஆகஸ்ட் காயமும் அவசர டிரேடும்: என்எஃப்எல் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று சியாட்டிலில் நடந்த, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் ப்ரீசீசன் (சீசனுக்கு முந்தைய பயிற்சி) ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே டல்லஸ் கவ்பாய்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்) டோனி ரோமோ எதிரணி வீரரிடம் பிடிபட்டு, முதுகு மடங்கி விழுந்தார். ஐந்து நாள் கழித்து, மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டர் பயிற்சியின்போது, எவரும் தொடாமலேயே, முழங்கால் மூட்டு விலகிச் சரிந்தார். லீக் ஆட்டங்கள் தொடங்க மூன்று வாரம்கூட இல்லை. டல்லஸ் அணி, ட்ராஃப்ட் எனும் புதுமுக வீரர் தேர்வின் நான்காம் சுற்றில் எடுத்திருந்த புதுமுகம் டாக் பிரெஸ்காட்டிடம் பொறுப்பை ஒப்படைத்தது. மினசோட்டா அணியோ செப்டம்பர் 3 அன்று, 2017இன் முதல் சுற்று ட்ராஃப்ட் தேர்வு உரிமையையும் 2018இன் நிபந்தனைக்குட்பட்ட நான்காம் சுற்றுத் தேர்வையும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்குக் கொடுத்து, டிரேட் எனும் அணிகளுக்கிடையிலான பரிமாற்றத்தில், குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபர்டை வாங்கியது. சீசன் முடிவில் டல்லஸ் 13 வெற்றி, 3 தோல்வி. மினசோட்டா 8 வெற்றி, 8 தோல்வி.

ஆகஸ்ட் மாதத்தில் தங்கள் அணியின் முக்கிய வீரர் ஒருவர் நொண்டியபடி களத்தை விட்டு வெளியேறும்போதெல்லாம், ரசிகர்கள் இந்த இரட்டைக் கதையைத்தான் கையில் எடுக்கிறார்கள். உள்ளே இருப்பவனை நம்பு என்பவர்களும், உடனே யாரையாவது வாங்கு என்பவர்களும் அதிலிருந்தே சான்று காட்டுகிறார்கள். ஆனால் இரு தரப்பும் அதைப் பாதிதான் படித்திருக்கின்றன.

முதல் தவறு, காயம்பட்ட இரவின் செய்தியை மருத்துவ முடிவாக எடுத்துக்கொள்வது. ரோமோ விழுந்த அன்றிரவு, இது லீக் ஆட்டமாக இருந்திருந்தால் அவர் மீண்டும் களமிறங்கியிருப்பார் என்ற தொனியில்தான் பேச்சு இருந்தது. இரண்டு நாள் கழித்தே முதுகெலும்பில் முறிவு இருப்பது தெரியவந்தது. ப்ரீசீசனில் இப்படி நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. லீக் ஆட்டங்கள் தொடங்கிய பிறகு ஒவ்வோர் அணியும் வாரந்தோறும் யார் பயிற்சியில் கலந்துகொண்டார், யார் ஆடுவது சந்தேகம் என்று அதிகாரபூர்வமாக அறிவித்தாக வேண்டும். ப்ரீசீசனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே ஆகஸ்டில் பயிற்சியாளர் சொல்வது பெரும்பாலும் அவர் சொல்ல விரும்புவது மட்டுமே. ‘அன்றாடம் பார்த்து முடிவு செய்வோம்’ என்ற வாக்கியத்துக்குள் மூன்று நாளும் அடங்கும், மூன்று மாதமும் அடங்கும்.

காயத்தின் பெயர் தெரிந்துவிட்டாலும் காலம் தெரிந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. 2024 ஆகஸ்டில் மினசோட்டாவின் முதல் சுற்றுப் புதுமுகக் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்திக்கு முழங்காலில் மெனிஸ்கஸ் கிழிந்தது. மெனிஸ்கஸ் என்பது மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் திண்டு. கிழிந்த பகுதியை அறுவை மருத்துவர் நறுக்கி எடுத்துவிட்டால் வீரர் சில வாரங்களில் திரும்பிவிடலாம்; தைத்துச் சரிசெய்தால் அது ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆகும், ஆனால் மூட்டின் நெடுங்கால நலனுக்கு அதுவே மேல். எது செய்யப்படும் என்பது அறுவைக் கூடத்துக்குள் சென்ற பிறகுதான் உறுதியாகும். மெக்கார்த்திக்குத் தைத்தார்கள்; அவருடைய சீசன் முடிந்தது. ‘மெனிஸ்கஸ்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அதற்கு முந்தைய நாளே எந்தக் குவார்ட்டர்பேக்கை எந்தச் சுற்றுத் தேர்வுக்கு வாங்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள், விடை தெரியாத வினாவுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பட்டியல்களைப் படிப்பதிலும் இதே அவசரம் தெரிகிறது. ஜூலையில் பயிற்சி முகாம் தொடங்கும்போது ஒரு வீரரைப் பி.யு.பி., அதாவது உடல் தகுதி பெறாதோர் பட்டியலில் சேர்த்தால், பலர் அவர் சீசனையே இழந்துவிட்டதாக வருந்துகிறார்கள். முகாம் நடக்கும் வரை அந்தப் பட்டியலிலிருந்து அவர் எந்த நாளும் வெளியே வரலாம். ஆகஸ்ட் இறுதியில் அணி 53 பேராகக் குறைக்கப்படும்போதும் அவர் அதிலேயே இருந்தால்தான் முதல் நான்கு ஆட்டங்களை இழப்பார். காயமுற்றோர் பட்டியலான ஐ.ஆர். கதை வேறு. முகாமின் நடுவில் அதில் வைக்கப்படுபவர் அந்த அணிக்காக அந்த ஆண்டு மீண்டும் ஆட முடியாது. அணியைக் குறைக்கும் நாளில் வைக்கப்படுபவர்களில் இருவரை மட்டும் பின்னர் திரும்ப அழைக்கலாம் என்ற சலுகை 2024இல் வந்தது. 53 பேர் அணி முடிவான பின் ஐ.ஆருக்குச் செல்பவர் நான்கு ஆட்டங்கள் கழித்துத் திரும்பலாம். ஆகவே, எந்தப் பட்டியல் என்பதோடு எந்தத் தேதி என்பதையும் கேட்காமல் ஒரு காயத்தின் கனத்தை அளக்க முடியாது.

இனி, உள்ளே இருப்பவரை நம்புவோரின் தவறு. இவர்களுடைய குலதெய்வம் கர்ட் வார்னர். 1999 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீன் முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழிந்து வெளியேற, ட்ராஃப்டில் எவராலும் எடுக்கப்படாத, உள்ளரங்கக் கால்பந்து ஆடிப் பிழைத்திருந்த வார்னர் இறங்கி, அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதையும், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலையும் வென்றார். அற்புதமான கதைதான். ஆனால் 2003 ப்ரீசீசனில் அட்லான்டா ஃபால்கன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் மைக்கேல் விக்குக்குக் காலெலும்பு முறிந்தபோது அங்கே எந்த வார்னரும் தோன்றவில்லை. அணி 5 வெற்றி, 11 தோல்வியோடு முடிந்தது. அந்த ஆண்டின் மாற்று ஆட்டக்காரர்களின் பெயரை இன்று யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை என்பதால்தான் வார்னரின் கதை விதி போலத் தோன்றுகிறது. ப்ரீசீசன் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், வரும் வாரமே வேலை இழக்கப் போகும் தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக ஒருவர் இரண்டு டச்டவுன் (எதிரணி எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி பெறும்) பாஸ் வீசினார் என்பதும் ஏறக்குறைய இதே மதிப்புள்ள சான்றுதான்.

பிரெஸ்காட்டின் விஷயத்தில்கூடப் பலர் ஒன்றை மறக்கிறார்கள். ரோமோவுக்கு மாற்றாக வைத்திருந்த கெலன் மூர் முகாமின் தொடக்கத்திலேயே கால் முறிந்து விலகியதால், பிரெஸ்காட்டுக்கு ஆகஸ்டில் அணியின் முதன்மை வீரர்களோடும் ஆடும் வாய்ப்புக் கிடைத்திருந்தது. அவரிடம் அணி வைத்தது குருட்டு நம்பிக்கை அன்று. அதோடு, வேறோர் அணி விடுவித்த அனுபவசாலி மார்க் சான்செஸை எந்தத் தேர்வும் கொடுக்காமல் துணைக்கு அழைத்துக்கொண்டது.

மிகப் பெரிய தவறு விலையைப் பற்றியது. இங்கேதான் ரசிகர்களின் கற்பனை கட்டறுத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு டிரேடை யோசிக்கும்போது நாம் நம் அணியின் தேவையை மட்டும் பார்க்கிறோம்; விற்பவரின் மேசைக்கு மறுபுறம் போய் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஈகிள்ஸ் அணி ஏன் பிராட்ஃபர்டை விற்றது? அந்த ஏப்ரலில் ட்ராஃப்டின் இரண்டாம் இடத்துக்கு ஏறிக் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை எடுப்பதற்காகத் தன் 2017 முதல் சுற்றுத் தேர்வை அது ஏற்கெனவே இழந்திருந்தது. மினசோட்டாவின் நெருக்கடி அந்த இழப்பை ஈடுகட்ட வழி திறந்தது. மினசோட்டாவோ முந்தைய ஆண்டு 11 ஆட்டங்களை வென்ற அணி. புது மைதானம் திறக்கும் ஆண்டு. கையில் இருந்தவர் முப்பத்தாறு வயது ஷான் ஹில். இத்தனையும் ஊருக்கே தெரிந்திருக்கும்போது பேரம் எங்கிருந்து வரும்? காயத்துக்கு மறுநாள் கடைக்குப் போகிறவருக்கு விலைச்சீட்டில் ஒரு சுற்று கூடத்தான் எழுதியிருக்கும்.

அந்த டிரேட் முட்டாள்தனம் என்று தீர்ப்பெழுதுவதும் சரியில்லை என்பது என் கருத்து. பிராட்ஃபர்ட் அந்த ஆண்டு 71.6 விழுக்காடு பாஸ்களை நிறைவு செய்து அப்போதைய லீக் சாதனையைப் படைத்தார். அணி முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்றது. அதன் பின் சரிந்ததற்குப் பெருங்காரணம் வேறு: முன்வரிசைத் தடுப்பாளர்களான மேட் கலீல், ஆண்ட்ரே ஸ்மித் இருவரும் ஐ.ஆருக்குப் போனார்கள், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் ஏட்ரியன் பீட்டர்சனின் முழங்காலும் இரண்டாம் வாரத்திலேயே பழுதானது. முதல் சுற்றுத் தேர்வை ஓர் ஓட்டையை அடைக்கச் செலவிட்டால் அடுத்த ஓட்டைக்குக் கையில் ஒன்றும் இருக்காது என்பதே அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கணக்கு. இதில் விதியின் கேலியும் உண்டு. அந்தத் தேர்வில் ஈகிள்ஸ் எடுத்த டெரெக் பார்னெட்தான், 2018 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலின் இறுதி நிமிடங்களில் எதிரணிக் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் கையிலிருந்து நழுவிய பந்தைக் கைப்பற்றியவர். அந்த ஆட்டம் நடந்த இடம் மினசோட்டாவின் சொந்த மைதானம்.

விலையைக் குறைக்க ரசிகர்கள் கண்டுபிடிக்கும் வழி, மூன்று சுமாரான வீரர்களைக் கட்டிக் கொடுத்து ஒரு நல்லவரை வாங்குவது. வாங்கும் அணிக்கும் இடம் 53 பேருக்குத்தான். மூவரை ஏற்றால் தன்னுடைய இருவரைக் கூடுதலாக வெளியேற்ற வேண்டும். மேலும், நீங்கள் கொடுக்க முன்வரும் அந்த மூவரை அடுத்த வாரம் நீங்களே விடுவிக்கப் போகிறீர்கள் என்பது எதிர்த்தரப்புக்குத் தெரியும். காத்திருந்தால் சும்மா கிடைப்பதற்கு யார் விலை கொடுப்பார்கள்?

சம்பளக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒருவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 2.5 கோடி டாலர் போனஸ் பெற்றிருந்தால், அது ஆண்டுக்கு 50 லட்சமாகப் பிரித்து, லீக் விதித்த சம்பள உச்சவரம்பில் ஏற்றப்படும். இரண்டு ஆண்டு கழித்து ஆகஸ்டில் அவரை டிரேட் செய்தால் மீதமுள்ள 1.5 கோடியும் விற்ற அணியின் தலையிலேயே, இந்த ஆண்டு 50 லட்சமும் அடுத்த ஆண்டு ஒரு கோடியுமாக, விழும். வாங்கும் அணி இனித் தர வேண்டிய சம்பளத்தை மட்டும் சுமக்கும். செய்தித் தலைப்பில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்து ‘நம்மால் முடியாது’ என்பதும் ‘அவர்கள் மகிழ்ச்சியாக விற்பார்கள்’ என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இன்னொன்று: லீக் ஆட்டங்கள் தொடங்கும் வரை மிகப் பெரிய 51 ஒப்பந்தங்கள் மட்டுமே கணக்கில் வரும், தொடங்கியதும் 53 பேரும், ஐ.ஆரில் இருப்போரும், 53 பேருக்கு வெளியே பயிற்சிக்காக வைத்திருக்கும் வீரர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஆகஸ்டில் தெரியும் மிச்சப் பணம் முழுவதும் மிச்சம் என்று நம்பி டிரேட் திட்டம் தீட்டுவோர் இங்கே இடறுகிறார்கள்.

காத்திருப்பதையும் ஒரு முடிவாக மதிக்காதது அடுத்த தவறு. ஆகஸ்ட் இறுதியில் 32 அணிகளும் 90 பேரிலிருந்து 53 பேராகக் குறைக்கும்போது ஏறத்தாழ 1,180 பேர் வெளியே வருகிறார்கள். நான்கு சீசன்களுக்குரிய தகுதி பெற்ற மூத்த வீரர்கள் வேறு அணி உரிமை கோரும் நடைமுறைக்குக்கூட உட்படாமல் நேரடியாக எங்கும் சேரலாம். 2015 ஆகஸ்டில் கிரீன் பே பேக்கர்ஸின் முதன்மை ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) ஜோர்டி நெல்சனுக்கு ஏ.சி.எல். கிழிந்தபோது பெரிய பெயர்களை வாங்கச் சொல்லிக் கூச்சல் எழுந்தது. அணி பொறுத்திருந்து, நியூயார்க் ஜயன்ட்ஸ் விடுவித்த ஜேம்ஸ் ஜோன்ஸை செப்டம்பரில் எடுத்துக்கொண்டது. முன்பு பல ஆண்டுகள் அதே அணியில் ஆடியவர் என்பதால் ஆட்டத்திட்டம் அவருக்குப் புதிதில்லை. அந்த ஆண்டு 890 கெஜம், 8 டச்டவுன். கொடுத்த ட்ராஃப்ட் தேர்வு ஒன்றுகூட இல்லை. நெல்சனுக்கு அவர் ஈடாகவில்லை என்பதும் உண்மை. ஈடு செய்பவர் கடையில் இருப்பார் என்று எதிர்பார்த்ததுதான் தொடக்கப் பிழை.

விழுந்த பிரிட்ஜ்வாட்டரைப் பற்றி அந்த வாரம் பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி அவருக்குப் பதில் யார் என்பதே. மூட்டு முழுவதுமாக விலகும்போது அதன் பின்னுள்ள ரத்தக் குழாய் சேதமடைந்தால் காலையே இழக்க நேரிடலாம். அந்த அளவுக்குப் போகாததால் அவர் தப்பினார். 2017 டிசம்பரில் அவர் மீண்டும் களமிறங்கியபோது மினசோட்டா மைதானம் எழுந்து நின்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, காயம் எதுவும் நேராத அமைதியான வேளையில், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி அவரை அதற்குள் அவர் சேர்ந்திருந்த நியூயார்க் ஜெட்ஸிடமிருந்து ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கு வாங்கி, முதன்மைக் குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸுக்குப் பின்னால் உட்கார வைத்தது. இது வீண் செலவு என்றார்கள் பலர். 2019இன் இரண்டாம் வாரத்தில் பிரீஸின் கட்டைவிரல் பழுதானது. அவர் இல்லாத ஐந்து ஆட்டங்களிலும் பிரிட்ஜ்வாட்டர் தொடக்க வீரராக இறங்கினார். ஐந்தையும் செயின்ட்ஸ் வென்றது.