முடிவை ஊரிடம் விடுங்கள்: ஆப்பிரிக்க ஊர்களில் நாடகத்தையும் கதையையும் வைத்து வேலை செய்வது எப்படி

ஆப்பிரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் தண்ணீர், சுகாதாரம், பெண் கல்வி என்று ஒரு திட்டத்தில் வேலை செய்யப் போகிறீர்கள், "நாடகம் போட்டால் மக்களிடம் சீக்கிரம் போய்ச் சேரும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரி, போய்ச் சேரும்தான். எது போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் ஆபீசில் உட்கார்ந்து "கை கழுவுங்கள்" என்று ஒரு கருத்தை முடிவு செய்கின்றன, அதற்கு ஒரு குடிகாரக் கணவன், ஒரு புத்திசாலி நர்ஸ், ஒன்றும் தெரியாத ஒரு கிராமத்துக்காரர் என்று மூன்று பாத்திரம் பிடித்து, ஜீப்பில் போய் ஆடிவிட்டு, வந்த கூட்டத்தை எண்ணி அறிக்கையில் எழுதிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. ஊர் சிரிக்கும், நன்றாகவே சிரிக்கும். மறுநாள் பழையபடியே இருக்கும்.

இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1974-ல் போட்ஸ்வானாவின் வடகிழக்கில் பொகலாகா பகுதியில் 'லெட்ஸா படனானி' என்ற முயற்சி தொடங்கியது. பொம்மலாட்டம், நாடகம், பாட்டு, ஆட்டம் எல்லாவற்றையும் கலந்து ஊர் ஊராகப் போனார்கள். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தைச் சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். அந்த முறை பிடித்துப்போய் வேறு பல நாடுகளும் எடுத்துக்கொண்டன. ஆனால் அதில் முன்னணியில் இருந்த ராஸ் கிட், மார்ட்டின் பைராம் இருவருமே பின்னாளில் தங்கள் வேலையைக் கடுமையாக விமர்சித்து எழுதினார்கள்: எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தது அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும்தான், ஏழைகளின் கஷ்டத்துக்கு அவர்களுடைய அறியாமையே காரணம் என்பது போல நாடகங்கள் ஆகிவிட்டன என்று. இன்றைக்கும் முக்கால்வாசி விழிப்புணர்வு நாடகங்களுக்கு இந்த விமர்சனம் அப்படியே பொருந்தும்.

அதனால் முதலில் நாடகம் இல்லாமல் ஊருக்குப் போங்கள். சில நாள் தங்குங்கள். மாவு மில், கிணற்றடி, சந்தை, பைக் டாக்சிக்காரர்கள் நிற்கும் இடம் என்று போய் உட்காருங்கள். பெண்களிடம் தனியாக, இளைஞர்களிடம் தனியாகப் பேசுங்கள், பெரியவர்கள் இருக்கும் கூட்டத்தில் இவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். "உங்கள் பிரச்சினை என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் வண்டியில் தண்ணீர் நிறுவனத்தின் பெயர் இருந்தால் தண்ணீர்தான் பிரச்சினை என்பார்கள், ஆஸ்பத்திரிப் பெயர் இருந்தால் காய்ச்சல் என்பார்கள், எத்தனை நிறுவனங்களைப் பார்த்திருப்பார்கள்! அதற்குப் பதிலாக, போன வருஷம் ஊரில் எதற்காகச் சண்டை வந்தது, யார் ஊரைவிட்டுப் போனார்கள், ஏன் போனார்கள், நின்றுபோன வேலை ஏதாவது உண்டா என்று கேளுங்கள். கதைகள் தானாக வரும். விதைப்புக் காலத்தில் போகாதீர்கள், யாருக்கும் நேரம் இருக்காது. மாலியின் பம்பாரா ஊர்களில் இளைஞர்கள் ஆடும் 'கொத்தேபா' என்ற கேலி நாடகம் அறுவடை முடிந்த பிறகுதான் நடக்கும். சோம்பேறிக் கணவன் முதல் போலி மருத்துவன் வரை எல்லாரையும் கிண்டலடிப்பார்கள். அந்த நாள்காட்டியையே நீங்களும் பின்பற்றலாம்.

அப்புறம், அங்கே ஏற்கெனவே என்ன வடிவம் இருக்கிறது என்று பாருங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஸ்வாஹிலி கதைசொல்லி "பாவுக்வா!" என்பார், கூட்டம் "பாகாவா!" என்று பதில் கொடுத்தால்தான் கதை நகரும். கானாவின் அகான் மக்களிடம் அனான்சி என்ற சிலந்தியின் கதைகள் நடக்கும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர் எழுந்து கதையை நிறுத்தி ஒரு பாட்டு பாடலாம், 'ம்போகுவோ' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. நாடகாசிரியர் எஃபுவா சதர்லேண்ட் இதை வைத்தே புதிய நாடக வடிவம் ஒன்றை உருவாக்கினார், எகும்ஃபி அத்வியா என்ற ஊரில் ஊராரோடு சேர்ந்து 'கொட்ஸிடான்' என்ற கதை வீட்டையும் எழுப்பினார். பார்வையாளர் குறுக்கிடுவது இந்த ஊர்களுக்குப் புதுசு இல்லை, ஆகவே நீங்கள் போய் 'பங்கேற்பு' கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, மேடையும் மைக்கும் போட்டு இருப்பதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

ஒத்திகையைத் திறந்த வெளியில் வையுங்கள். கென்யாவில் லிமுருவுக்குப் பக்கத்தில் கமிரீத்து என்ற ஊரில் 1977-ல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். எழுத்தாளர்கள் கூகி வா தியாங்கோவும் கூகி வா மீரியும் அந்தப் பகுதி மக்கள் பேசும் கிகுயு மொழியில் ஒரு நாடக வரைவு எழுதினார்கள், நிலம் பறிபோவதும் கூலியும்தான் கதை. ஊர் விவசாயிகளும் தொழிலாளிகளும் நடித்தார்கள், சுமார் 2000 பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கை அவர்களே கட்டினார்கள். ஒத்திகை எல்லார் கண்முன்னாலும் நடந்ததால், வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் "ஒரு கிழவர் இப்படிப் பேச மாட்டார்", "அந்தச் சடங்கு அப்படி இல்லை" என்று திருத்திக்கொண்டே இருந்தார்கள், நாடகம் ஊருடையதாக மாறியது. வசனம் மக்கள் வீட்டில் பேசும் மொழியில் இருப்பது அதனால்தான் அவ்வளவு முக்கியம். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ போட்டால் உங்களைத் திருத்த யாரும் வரமாட்டார்கள், பள்ளி ஆசிரியரைத் தவிர.

இனி நாடகத்துக்கு வருவோம். பதினைந்து நிமிஷம் போதும், முடிவு வேண்டாம். ஓர் உதாரணம்: ஊரின் அடிபம்பு பழுதாகிவிட்டது, பழுது பார்க்க வசூலித்த பணத்தைப் பொருளாளர் தன் மச்சானுக்குக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டார், பெண்கள் மறுபடி ஆற்றுக்கு நடக்கிறார்கள், ஒருத்தி கூட்டத்தில் கேட்கிறாள், அவளை அதட்டி உட்காரவைக்கிறார்கள். அங்கேயே நிறுத்துங்கள். பிரேசிலின் அகஸ்டோ போவால் உருவாக்கிய இந்த 'மன்ற நாடக' முறையை புர்கினா ஃபாசோவில் பிராஸ்பர் கொம்பவோரேயின் நாடகக் குழு ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறது. நடத்துபவர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து, இவள் எந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று கேட்க வேண்டும். யாராவது பதில் சொன்னால் உட்கார்ந்தபடி சொல்ல விடாதீர்கள், "வந்து செய்து காட்டுங்க" என்று அழைத்து அவளுடைய இடத்தில் நிறுத்துங்கள், காட்சி திரும்ப ஆரம்பிக்கட்டும். பொருளாளராக நடிப்பவர் லேசில் மசியக்கூடாது. நிஜப் பொருளாளர் சொல்லும் சாக்குகள் அத்தனையும் சொல்ல வேண்டும், அழ வேண்டும், மிரட்ட வேண்டும், மதத்தை இழுக்க வேண்டும். யாராவது "நான் பொருளாளராக நடிக்கிறேன், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்" என்றால் விடாதீர்கள், கெட்டவன் திடீரென்று திருந்தும் கதை யாருக்கும் உதவாது. மூன்று நான்கு பேர் முயன்று பார்த்தால், கணக்கை மாதாமாதம் எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும், பெட்டிக்கு இரண்டு பூட்டு போட வேண்டும் என்கிற மாதிரி யோசனைகள் கூட்டத்திலிருந்தே வரும்.

பெண்கள் மேடைக்கு வரத் தயங்கினால் இருவராகச் சேர்ந்து வரச் சொல்லுங்கள், அல்லது பெண்களுக்கு மட்டும் முதலில் ஒரு தடவை ஆடுங்கள். பெரியவரை எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்கிற ஊரில், பாத்திரங்களை முயலும் கழுதைப்புலியுமாக மாற்றிவிடுங்கள். தலைவரிடம் நேரே சொல்ல முடியாததை முயல் கதையில் சொல்வது அங்கே பழைய பழக்கம், தலைவருக்கும் புரியும், அவருடைய மானமும் காப்பாற்றப்படும்.

போர், எய்ட்ஸ், பாலியல் வன்முறை மாதிரி விஷயங்களில் யாருடைய சொந்தக் கதையையும் மேடையில் ஏற்றாதீர்கள், அவர்களே கேட்டாலும் யோசியுங்கள். இங்கே நாடகத்தைவிட வரைதல் நல்லது. ஜிம்பாப்வேயின் ந்காஸேலோ ந்கூபேயும் ஆஸ்திரேலியாவின் டேவிட் டென்பரோவும் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக அமைத்த 'வாழ்க்கை மரம்' முறையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரம் வரையும்: வேரில் எங்கிருந்து வந்தோம், தண்டில் என்ன திறமை, கிளையில் என்ன ஆசை, இலையில் முக்கியமான மனிதர்கள். எல்லா மரங்களையும் சுவரில் ஒட்டி ஒரு காடாக்கிய பிறகுதான் 'புயல்', அதாவது வாழ்க்கையில் வந்த கஷ்டங்கள், பற்றிய பேச்சு வரும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நிறைய ஊர்களுக்குப் போக வேண்டுமென்றால் வானொலித் தொடர் நல்ல வழி. ருவாண்டாவில் 2004-ல் தொடங்கிய 'முசேகேவேயா' இரண்டு கற்பனை ஊர்களின் பகையைச் சொல்லும் தொடர். எலிசபெத் லெவி பலுக் என்ற ஆய்வாளர் கேட்டவர்களை ஆராய்ந்தபோது, அவர்களுடைய சொந்த நம்பிக்கைகள் அவ்வளவாக மாறவில்லை, ஆனால் ஊரில் எப்படி நடந்துகொள்வது சரி என்ற எண்ணம் மாறியிருந்தது. ஆய்வின் கடைசியில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டேப் ரெக்கார்டரைப் பொதுவாகக் கொடுத்தார்கள். வேறு தொடர் கேட்ட குழுக்களில் பெரும்பாலும் உள்ளூர் அதிகாரி வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள், இந்தத் தொடர் கேட்டவர்களோ எழுந்து விவாதித்து, நாமே சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். குழுவாக உட்கார்ந்து கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள், ஒலிபரப்புவதோடு கேட்கும் குழுக்களையும் அமைக்க வேண்டும்.

ஆபத்தும் உண்டு. கமிரீத்து நாடகத்தின் அனுமதியை அரங்கேறிய சில வாரங்களிலேயே அரசு ரத்து செய்தது, அந்த வருஷக் கடைசியில் கூகி வா தியாங்கோவைப் பிடித்து விசாரணையில்லாமல் சிறையில் வைத்தது, 1982-ல் அரங்கத்தையே இடித்தது. ஆக, ஆடும் முன் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் விமானம் ஏறிய பிறகு அங்கேயே இருக்கப்போகிறவர்கள் எதைப் பேசலாம் எதைப் பேச வேண்டாம் என்கிறார்களோ அதைக் கேளுங்கள்.

ஆட்டம் முடிந்த அன்றே, கூட்டம் கலைவதற்குள், யார் என்ன செய்வது, எப்போதைக்குள் என்று எழுதிவிடுங்கள், உங்கள் லேப்டாப்பில் இல்லை, ஊர்க்குழுவின் நோட்டில். சில மாதம் கழித்துத் திரும்பப் போய் அந்த நோட்டைப் பாருங்கள், நடக்காமல் போனதை வைத்து அடுத்த காட்சி அமைக்கலாம். நடிகர்களுக்கும் பாடகர்களுக்கும் காசு கொடுங்கள், டீ-ஷர்ட் கூலி ஆகாது. மேற்கு ஆப்பிரிக்காவின் 'ஜெலி' பாணர்களுக்குப் பாட்டுதான் தொழில், சும்மா பாடச் சொல்வது அவமானம். போனில் எடுத்த வீடியோவை இணையத்தில் போடுமுன் நடித்தவர்களிடம் கேளுங்கள், பொருளாளராக நடித்த பையனை ஜோகன்னஸ்பர்க்கில் வேலை செய்யும் நிஜப் பொருளாளரின் மச்சான் பார்த்துவிட்டால் நாடகத்துக்கு வெளியே இன்னொரு சண்டை ஆரம்பிக்கும்.