கியர் சரியாக விழவில்லையா? இன்ஜினைப் பிரிக்கும் முன் பாருங்கள்

பழைய வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி "கியர் மாட்டுது" (சிக்கிக்கொண்டு விழ மறுக்கிறது) என்று சொன்னால் போதும், "கியர் பாக்ஸ் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்ற தீர்ப்பு பல பட்டறைகளில் உடனே வந்துவிடும். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். கியர் பற்களுக்கும் உங்கள் கை, கால்களுக்கும் நடுவே கிளட்ச் லீவர், கிளட்ச் கேபிள், கிளட்ச் பிளேட், ஆயில், கியர் லீவர், அதன் அசைவை உள்ளே கொண்டுபோகும் தண்டான ஷிஃப்ட் ஸ்பிண்டில் என்று ஒரு வரிசையே இருக்கிறது. பழுது பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இருக்கும்.

நம் ஊரில் இன்னும் ஏராளமாக ஓடும் கார்புரேட்டர் கால ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரை (97.2 சிசி, 4 கியர்) வைத்தே பார்ப்போம். இதில் இன்ஜின் கேஸ் இடம், வலம் என்று இரண்டு பாதியாகப் பிரியும். கியர் பற்களைத் தொட வேண்டுமென்றால் இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்கி, ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றிய பிறகே முடியும். அதனால் அந்த வேலை கடைசி.

தேவையானவை: ஸ்பேனர் செட், ஸ்கேல், டார்ச், சிறு காந்தம், வெள்ளைத் துணி, ஆயில் பிடிக்க ஒரு டப்பா.

முதலில் நோயைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"கியர் சரியில்லை" என்பது ஒரே நோய் அல்ல. கீழே உள்ளதில் எது உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறது என்று ஒரு நாள் ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

- எல்லா கியரும் கடினம், சிக்னலில் நின்றால் நியூட்ரல் கிடைப்பதே இல்லை: முதல் சந்தேகம் கிளட்ச்.
- கியர் ஏறுகிறது, இறங்கவில்லை (அல்லது நேர்மாறாக). லீவர் மிதித்த இடத்திலேயே நின்றுவிடுகிறது: ஷிஃப்ட் ஸ்பிண்டில், அதன் ரிட்டர்ன் ஸ்பிரிங்.
- ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் கழன்று வந்துவிடுகிறது: உள் வேலையாக இருக்கலாம்.
- கியர் விழுகிறது, ஆனால் "டங்" என்று சத்தம்: ஐட்லிங் அதிகம், செயின் தொய்வு, அல்லது கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை.

நியூட்ரல் விளக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். விளக்கு எரியாமல் வண்டி தாராளமாக உருண்டால் கோளாறு பெரும்பாலும் பல்பிலோ நியூட்ரல் சுவிட்சிலோதான் இருக்கும்.

படி 1: இன்ஜினை அணைத்து ஒரு சோதனை

சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சாவியை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அப்போதுதான் கம்ப்ரஷன் தடுக்காமல் சக்கரம் சுற்றும். ஒரு கையால் பின் டயரை மெல்லச் சுற்றிக்கொண்டே, மறு கையால் கியர் லீவரை முன்பக்கம் கீழே அழுத்துங்கள். ஸ்பிளெண்டரில் நியூட்ரலிலிருந்து நான்கு கியரும் முன் மிதியில்தான் விழும். பிறகு பின்பக்கம் அழுத்தி ஒவ்வொன்றாக இறக்குங்கள். விரல்கள் ஸ்போக்குக்கும் செயினுக்கும் அருகில் போகக் கூடாது.

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். சக்கரம் சுற்றாமல் நிற்கும்போது கியர் விழாவிட்டால் அது பழுது அல்ல. இந்த வகை கியர் பாக்ஸில் பற்கள் எப்போதும் கோத்தபடியே சுற்றும். கியரின் பக்கவாட்டில் இருக்கும் 'டாக்' என்னும் கொம்புகள் எதிர்க் கியரின் பள்ளத்தில் போய் உட்கார்வதைத்தான் கியர் விழுவது என்கிறோம். கொம்பும் கொம்பும் நேருக்கு நேர் முட்டி நின்றால் எவ்வளவு அழுத்தினாலும் விழாது. சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றினால் தானாக விழும்.

இந்தச் சோதனையில் நான்கும் சுத்தமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் மாட்டினால் குற்றவாளி கிளட்ச். படி 2-க்குப் போங்கள். இங்கேயே மாட்டினால் படி 4-க்குத் தாவுங்கள்.

படி 2: கிளட்ச் கேபிள்

லீவரின் நுனியில் ஸ்கேலை வைத்து, தடை தெரியும்வரை மெல்ல இழுத்து அளங்கள். சும்மா ஆடும் அந்த தூரம் 10 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் லீவரை முழுதாக இழுத்தாலும் பிளேட்கள் பிரியாது, கியர் மாட்டும். குறைவாக இருந்தால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்தபடி ஸ்லிப் ஆகி, பிளேட் கருகும். சரிசெய்ய, இன்ஜின் பக்கம் கேபிள் வந்து சேரும் இடத்தில் லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். அளவு வந்ததும் லாக் நட்டை இறுக்க மறக்க வேண்டாம். மறந்தால் ஒரு வாரத்தில் பழைய கதைதான்.

அளவு சரியாக இருந்தும் கியர் மாட்டுகிறதா? ஒருவரை லீவரை இழுக்கச் சொல்லி, நீங்கள் இன்ஜின் பக்கத்தில் கேபிள் இழுக்கும் கிளட்ச் ஆர்மைப் பாருங்கள். சும்மா ஆடும் தூரம் முடிந்த நொடியில் ஆர்ம் நகரத் தொடங்க வேண்டும். லீவர் பாதி தூரம் வந்த பிறகுதான் அது அசைகிறது என்றால், கேபிளின் மேலுறை நசுங்கியிருக்கும், அல்லது உள் கம்பி இழை இழையாக அறுந்துகொண்டிருக்கும். அறுவது பெரும்பாலும் லீவருக்குள் மறைந்திருக்கும் முனையில்தான். லீவரின் போல்ட் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தாலும் இழுப்பில் கொஞ்சம் வீணாகும். புதுக் கேபிள் போட்டும் குணமாகாத வண்டிகளில் இதைப் பாருங்கள்.

படி 3: ஆயிலும் கிளட்ச் பிளேட்டும்

ஸ்பிளெண்டரில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும். 10டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மை), ஜாசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான தரக் குறி) என்று டப்பாவில் இருப்பதே இதற்கு ஏற்றது. கார் ஆயில் வேண்டாம். உராய்வைக் குறைக்கும் கலவை அதில் இருந்தால் கிளட்ச் வழுக்கும். கெட்டியான ஆயிலும், கோட்டுக்கு மேல் நிரப்பிய ஆயிலும் பிளேட்களை ஒட்டிப் பிடித்து நியூட்ரலை விழவிடாது.

ஆயிலை மாற்றுவதாக இருந்தால், இன்ஜின் சூடாக இருக்கும்போது வெள்ளைத் துணி வழியே வடியுங்கள். அதில் காந்தத்தை ஓட்டுங்கள். மை போன்ற நைஸான கருப்புப் பசை வந்தால் கவலையில்லை. கையில் எடுத்து எண்ணக்கூடிய இரும்புச் செதில்கள் வந்தால் உள்ளே டாக்கோ பல்லோ உடைகிறது. வடிகால் போல்ட்டை மூர்க்கமாக முறுக்க வேண்டாம். அலுமினிய மரை கழன்றால் அது தனிச் செலவு.

இப்போது இன்ஜினை ஓடவிட்டு ஒரு சோதனை. சென்டர் ஸ்டாண்டில் இன்ஜினைச் சூடாக்கி, கிளட்சைப் பிடித்து முதல் கியர் போடுங்கள். பின் சக்கரம் மெல்லச் சுற்றினால் பயம் வேண்டாம், ஆயிலின் ஒட்டுதல் அது. பின் பிரேக்கை லேசாகத் தொட்டால் நின்றுவிட வேண்டும். நிற்க மறுத்து இன்ஜின் திணறினால் பிளேட்கள் பிரியவில்லை.

கேபிளும் ஆயிலும் சரி, ஆனாலும் பிரியவில்லை என்றால் வலப்பக்கக் கவரைத் திறக்க வேண்டும். ஆயிலை வடித்து, கிக்கரையும் வழியில் நிற்பதையும் கழற்றி, புதுப் பேக்கிங்கோடு தொடங்குங்கள். ஸ்டீல் பிளேட் நீலம் பாய்ந்து வளைந்திருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், பிளேட்கள் உட்காரும் கிளட்ச் ஹவுசிங்கின் விரல்கள். பழைய வண்டிகளில் பிளேட்டின் காதுகள் இடித்து இடித்து அங்கே படிக்கட்டு போலப் பள்ளம் விழுந்திருக்கும். பிளேட் அந்தப் பள்ளத்தில் சிக்கி நகராது. புது பிளேட் செட் போட்டும் கியர் மாட்டுவது இதனால்தான். லேசான பள்ளத்தை அரத்தால் சமமாக்கலாம். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். புது பிளேட்களை ஆயிலில் ஊறவைத்து மாட்டுங்கள்.

படி 4: கியர் லீவரும் ஸ்பிண்டிலும்

லீவரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லீவர் நகர்ந்தும் அது மாட்டியிருக்கும் ஸ்பிண்டில் நகரவில்லை என்றால் லீவர் துளையின் உள் பற்கள் தேய்ந்துவிட்டன. போல்ட்டை இறுக்குவது கொஞ்ச நாள் தாங்கும், பிறகு லீவரை மாற்றியே ஆக வேண்டும். கீழே விழுந்த வண்டி என்றால் லீவர் வளைந்து இன்ஜின் கவரில் இடிக்கிறதா, பின் மிதி ஃபுட்ரெஸ்ட்டில் தட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்பிண்டில் வெளியே வரும் இடத்தில் ஆயில் கசிந்து, லீவர் சுற்றும்போது நெளிந்து சுற்றினால் ஸ்பிண்டில் வளைந்திருக்கிறது.

அழுத்திவிட்ட லீவர் தானாக நடுநிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அடுத்த கியரை எடுக்கும் கொக்கி தன் இடத்துக்கு வந்து சேராது. ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அதைத் தாங்கும் பின் தளர்ந்திருக்கலாம். ஒரு கியரைத் தாண்டி அடுத்ததில் விழுவது, இரண்டுக்கும் நடுவே பொய் நியூட்ரலில் நிற்பது எல்லாம், விழுந்த கியரை இடத்தில் நிறுத்திப் பிடிக்கும் ஸ்டாப்பர் ஆர்மின் ஸ்பிரிங் சோர்ந்தாலும் வரும். இவை கிளட்ச் அசெம்ப்ளிக்குப் பின்னால் வலப்பக்கமே இருப்பதால், கேஸைப் பிரிக்காமல் மாற்றிவிடலாம். பட்டறையில் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

படி 5: பிரித்தே ஆக வேண்டியது

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும், ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஒரே கியர் மட்டும் திரும்பத் திரும்பக் கழன்றால் டாக் கொம்புகள் மழுங்கியிருக்கும், அல்லது கியரைத் தள்ளும் ஷிஃப்ட் ஃபோர்க் வளைந்து தேய்ந்திருக்கும். உங்கள் பாதம் லீவர் மேலேயே ஓய்வெடுக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பழக்கமும் கியரைக் கழற்றும், ஃபோர்க்கையும் தேய்க்கும்.

பிரிக்கும்போது டாக் மழுங்கிய கியரை மட்டும் மாற்றினால் போதாது. அது கோக்கும் எதிர்க் கியரின் பள்ளமும் அதே அளவு தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். கூடவே ஃபோர்க்கின் நுனி, ஃபோர்க்கை நகர்த்தும் உருளையான ஷிஃப்ட் டிரம்மின் பள்ளம், வாஷர்கள், பேரிங்குகள், ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக் காட்டச் சொல்லி, கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.