வலிப்பு நோய்க்குக் கன்னாபிடியால்: மருந்தைத் தொடங்குமுன்னும் தொடங்கிய பின்னும் செய்ய வேண்டியவை

கஞ்சாச் செடியில் உள்ள பல வேதிப்பொருள்களில் கன்னாபிடியாலும் ஒன்று. போதையை உண்டாக்கும் டி.எச்.சி. என்ற பொருள் வேறு, இது வேறு. இதைத் தூய்மைப்படுத்தித் தயாரித்த எபிடியோலெக்ஸ் என்ற வாய்வழிக் கரைசலை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஜூன் மாதத்தில் ஏற்றுக்கொண்டது. முதலில் டிராவெட், லெனாக்ஸ்-காஸ்டாட் என்னும் இரண்டு கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்கும், 2020இல், பல உறுப்புகளில் கட்டிகளை உண்டாக்கும் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபு நோயால் வரும் வலிப்புக்கும் அனுமதி கிடைத்தது. எனவே, முதன்முறையாக வலிப்பு வந்த ஒருவருக்கு உடனே கொடுக்கும் மருந்து இதுவன்று. வழக்கமான மருந்துகளால் வலிப்பு அடங்காத நிலையில், நரம்பியல் மருத்துவர் அவற்றுடன் சேர்த்துக் கொடுக்கும் துணை மருந்தாகவே இது பெரும்பாலும் பயன்படுகிறது.

மருத்துவர் இதைப் பரிந்துரைத்தால், முதல் வேளை மருந்து கொடுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வலிப்புக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கிவிட வேண்டும். வலிப்பு வந்த நாள், நேரம், நீடித்த நிமிடங்கள், உடல் விறைத்ததா, திடீரென விழ நேர்ந்ததா, வெறித்த பார்வை மட்டும் இருந்ததா என்பவற்றை அதில் எழுதி வாருங்கள். முடிந்தால் கைப்பேசியில் காணொளியாகவும் பதிவு செய்யுங்கள். இந்தக் கணக்கு இல்லாமல் மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லவே இயலாது என்பதால், இதை நான் எல்லாவற்றுக்கும் முதலில் வைக்கிறேன்.

அடுத்ததாக, நோயாளி உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும், மூலிகைகளையும் சத்து மாத்திரைகளையும் விடாமல், மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். குறிப்பாக குளோபசாம், வால்புரோயேட் என்னும் இரண்டு வலிப்பு மருந்துகளில் கவனம் தேவை. குளோபசாம் உடலில் மாறி உண்டாகும் விளைபொருளைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியைக் கன்னாபிடியால் தடுப்பதால், அந்த விளைபொருள் இரத்தத்தில் பெருகி, குழந்தை மிகுந்த தூக்கக் கலக்கத்தில் ஆழ்ந்துவிடக்கூடும். அப்போது பெரும்பாலும் குளோபசாமின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், ஆனால் அந்த முடிவை மருத்துவரே எடுக்க வேண்டும். வால்புரோயேட்டுடன் சேரும்போது, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயரும் வாய்ப்பு அதிகம். இதனால்தான் மருந்தைத் தொடங்கும் முன்பும், பிறகு முதலாவது, மூன்றாவது, ஆறாவது மாதங்களிலும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். குழந்தை நலமாகத் தெரிகிறது என்பதற்காக இந்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது; நொதிகள் உயர்வது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

அளவு உடல் எடையைப் பொறுத்தது. டிராவெட், லெனாக்ஸ்-காஸ்டாட் நோய்களில் வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு 2.5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரு வேளை தொடங்கி, ஒரு வாரத்துக்குப் பின் வேளைக்கு 5 மில்லிகிராமாக உயர்த்துவார்கள். இந்தக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் மருந்து இருப்பதால், 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தொடக்கத்தில் ஒரு வேளைக்கு அரை மில்லிலிட்டர்தான் வரும். அளவு இவ்வளவு சிறியது என்பதால் சமையலறைக் கரண்டி உதவாது. மருந்துடன் வரும் அளவுச் சிரிஞ்சையே பயன்படுத்துங்கள். கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு அளவு இதைவிடக் குறையும்.

மருந்தை உணவோடு கொடுப்பதா, வெறும் வயிற்றில் கொடுப்பதா என்பதை முதல் நாளே முடிவு செய்து, அதையே தொடர்ந்து பின்பற்ற வேண்டும். கொழுப்பு மிகுந்த உணவுடன் சேரும்போது உடல் இம்மருந்தைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே ஒரு நாள் ஒரு விதமாகவும் மறுநாள் வேறு விதமாகவும் கொடுத்தால், அதே அளவு மருந்து இரத்தத்தில் மிகவும் மாறுபடும். கரைசலில் நல்லெண்ணெய் இருப்பதால், எள் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் கன்னாபிடியால் எண்ணெய்களை இதற்கு மாற்றாகக் கருத வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இணையத்தில் விற்கப்பட்ட 84 பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 31 விழுக்காட்டில் மட்டுமே உறையில் எழுதியிருந்த அளவு சரியாக இருந்தது. 18 பொருள்களில் டி.எச்.சி.யும் கலந்திருந்தது. எடைக்கு ஏற்ப மில்லிகிராம் கணக்கில் கொடுக்க வேண்டிய மருந்தை இப்படிப்பட்ட புட்டியிலிருந்து கொடுப்பது குழந்தையை ஆபத்தில் தள்ளுவதாகும்.

பலனைப் பற்றிய எதிர்பார்ப்பும் அளவாக இருக்கட்டும். டிராவெட் நோயுள்ள 120 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், கன்னாபிடியால் பெற்றவர்களின் மாதாந்திர வலிப்பு எண்ணிக்கையின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தது, மருந்தில்லாத போலிக் கரைசல் பெற்றவர்களிடம் அது 14.9இலிருந்து 14.1ஆக மட்டுமே மாறியது. வலிப்பு முற்றிலும் நின்றவர்கள் 5 விழுக்காட்டினரே. எல்லோருக்கும் கிடைக்காவிட்டாலும், நாள்தோறும் வலிப்போடு போராடும் குடும்பத்துக்கு எண்ணிக்கை பாதியாவதே பெரிய ஆறுதல்தான்.

தூக்கக் கலக்கம், பசியின்மை, வயிற்றுப்போக்கு, சோர்வு ஆகியவை அடிக்கடி காணப்படும் பக்கவிளைவுகள். இவற்றையும் அதே குறிப்பேட்டில் எழுதுங்கள். கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்தல், தொடர் வாந்தி, மனநிலையில் திடீர் மாற்றம் ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரை அணுகுங்கள். ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் மருந்தை நீங்களாகவே ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட அடிக்கடி வரக்கூடும் என்பதால், மருத்துவர் படிப்படியாகவே குறைப்பார். கன்னாபிடியால் கொடுத்து வரும் காலத்திலும், ஒரு வலிப்பு ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவர் முன்பே எழுதிக்கொடுத்த அவசர மருந்தைக் கொடுத்து, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.