கிராமத்து ஆஸ்பத்திரியில் குடும்ப மருத்துவப் பயிற்சி தொடங்க

டிஎன்பி (தேசியத் தேர்வு வாரியத்தின் மருத்துவ மேற்படிப்பு) குடும்ப மருத்துவம் தொடங்க நினைக்கும் சிறு ஆஸ்பத்திரிகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கட்டடத்தை விடுங்கள், ஓபி வரிசையைப் பாருங்கள். சர்க்கரை, பாம்புக்கடி, குழந்தைக் காய்ச்சல், நிறைமாதக் கர்ப்பிணி எல்லோரும் ஒரே காலையில் வருகிறார்களா? அதுதான் வகுப்பறை. எம்பிபிஎஸ் முடித்து நீட் பிஜி எழுதி வருபவருக்கு இது 3 வருடப் படிப்பு. உங்களிடம் இல்லாத பிரிவுகளுக்கு (பெரும்பாலும் மனநலமும் தோலும்) பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியோடு முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். ஆனால் பயிற்சி மருத்துவரை நகரத்தில் அதிக நாள் விட்டுவிடாதீர்கள். 3 வருடமும் ஒரே கிராமத்தின் குடும்பங்களை ஒரே பயிற்சி மருத்துவர் பார்க்கட்டும். ஊரோடு ஒட்டுதல் அப்படித்தான் வரும். அப்புறம் குவார்ட்டர்ஸ், பிள்ளைகளுக்குப் பள்ளி, துணைவருக்கு வேலை. விண்ணப்பம் போடும் முன்பே இவற்றை விசாரித்து வையுங்கள்.