பழைய டி-ஷர்ட்டுக்கு வீட்டில் ஒரு வேலை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். பன்னிரண்டு வருடமாகிறது. காலை 8.30 மணிக்கு உள்ளே போனால், ஷிப்மென்ட் நேரத்தில் வீடு திரும்ப ராத்திரி எட்டரை ஆகிவிடும். நாலாவது படிக்கும் மகள், யூகேஜி போகும் மகன், மாமியார், வீட்டுக்காரர் என்று ஐந்து பேர். எனக்கென்று இருப்பது ஞாயிறு மதியம் ஒன்றரை மணி நேரமும், தினம் ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு பத்து நிமிடமும்தான். இதில் எழுதியிருப்பதெல்லாம் அந்த நேரத்துக்குள் அடங்கியவை.

செய்முறைக்கு முன்னால் ஒரு விஷயம். எதைச் செய்தாலும் அதற்கு வீட்டில் ஒரு வேலை இருக்க வேண்டும். கடையில் காசு கொடுத்து வாங்கும் ஏதோ ஒன்றை அது நிறுத்த வேண்டும். இல்லையென்றால் செய்யாமல் இருப்பதே நல்லது. போன வருடம் மகளின் பள்ளியில், வீணாகும் பொருளில் கைவினை செய்து எடுத்து வரச் சொன்னார்கள். குளிர்பான பாட்டில் ஒன்றை எடுத்து, பெயிண்ட் அடித்து, ஜிகினா ஒட்டி, பூ ஜாடி செய்தோம். பெயிண்ட், ஜிகினா, பசை எல்லாம் அதற்காகவே புதிதாக வாங்கியது. ஒரு மாதம் அலமாரி மேல் இருந்தது. பிறகு பழைய பேப்பர் கடைக்குக் கொண்டு போனால் கடைக்காரர் எடுக்கவில்லை. பெயிண்டும் பசையும் ஏறிய பாட்டிலை யாரும் அரைவைக்கு வாங்க மாட்டார்கள் என்றார். சும்மா விட்டிருந்தால் அது எடைக்குப் போய், அரைபட்டு, வேறொரு பொருளாகியிருக்கும். நாங்கள் கை வைத்ததால்தான் குப்பையானது. அது எனக்கு மிகவும் வலித்தது. அன்றிலிருந்து பாட்டில், டப்பா பக்கமே போவதில்லை. கழுவிக் காயவைத்துக் கடைக்குக் கொடுத்துவிடுகிறேன். பால் கவரும் அப்படித்தான். வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டித்துவிடாமல் ஒட்டிக்கொண்டு இருக்கும்படி வெட்டி, கழுவி, ஜன்னல் கம்பியில் செருகினால் காலையில் காய்ந்திருக்கும்.

எங்கள் வீட்டில் மிச்சமாவது துணி. குழந்தைகள் இருக்கும் எந்த வீட்டிலும் அப்படித்தான். அதனால் துணியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் எது பருத்தி, எது பாலியஸ்டர் என்று பிரியுங்கள். துவைத்துக் காய்ந்த துணி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் பருத்தி, அல்லது பருத்தி அதிகம் கலந்தது. சொட்டு முத்து மாதிரி நின்றால், அல்லது வழிந்து ஓடினால், பாலியஸ்டர். விளையாட்டு ஜெர்சிகள் பெரும்பாலும் இந்த ரகம். சில பாலியஸ்டர் துணியும் உறிஞ்சும்படி பதப்படுத்தப்பட்டிருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவி, பெரியவர்கள் மட்டும், தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பாகக் கட்டி தட்டும். பருத்தி கரித்துணிக்கு. பாலியஸ்டர் பைக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் அடுப்படியில் சிந்திய பாலைத் துடைக்கவே முடியாது, தள்ளிக்கொண்டேதான் போகும். சூடான பாத்திரம் பிடிக்கவும் பாலியஸ்டரை எடுக்காதீர்கள். உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

கரித்துணிக்குத் தையலே வேண்டாம். பனியன் துணியை ஒரு சாண் சதுரமாக வெட்டி வையுங்கள். நெய்த துணி மாதிரி ஓரத்தில் நூல் நூலாகப் பிரியாது. நான் முப்பது துண்டு வைத்திருக்கிறேன். அழுக்கானவை ஒரு வாளியில் சேரும், புதனும் ஞாயிறும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைப்போம். டிஷ்யூ பேப்பர் வாங்கி இரண்டு வருடமாகிறது.

இனி பை. மகளின் டி-ஷர்ட் ஒன்று, மார்பில் யானைப் படம் போட்டது, அவளுக்குச் சின்னதாகிவிட்டது. தம்பிக்குக் கொடுக்கவும் முடியாது, அக்குளில் ஓட்டை. “இத வெட்டிடுவியாம்மா?” என்று அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வெட்டுனா யான உன்கூட சந்தைக்கே வரும் கண்ணு” என்றேன். சரி என்று கத்தரிக்கோலை அவளே எடுத்து வந்தாள்.

டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, கையால் நீவிச் சுருக்கம் எடுங்கள். இரண்டு கைகளையும் தையலுக்கு உள்பக்கமாக வெட்டி எடுங்கள். தையலை விட்டு வைத்தால் பை பிடிக்கும்போது உள்ளங்கையை உறுத்தும். கழுத்துக்கு ஒரு சின்ன டிபன் தட்டைப் பாதி உள்ளே வருமாறு வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, முன்னும் பின்னும் சேர்த்து வெட்டுங்கள். இப்போது இரண்டு தோளும் இரண்டு பிடியாக நிற்கும். இந்தப் பிடி 2 இஞ்சுக்குக் குறையவே கூடாது. தோள் தையலை மட்டும் தொடாதீர்கள். துணி எவ்வளவு இழுபட்டாலும் எடையைத் தாங்குவது அந்தத் தையல்தான். கம்பெனியில் நாங்கள் ஒவ்வொரு பீஸிலும் இழுத்துப் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே உள்ளே ஒரு டேப் வைத்துத் தைத்திருந்தால் இன்னும் நல்லது, அந்த டி-ஷர்ட்டை பைக்கென்றே எடுத்து வையுங்கள்.

கீழ்ப்பக்கம்தான் முக்கியம். அடி மடிப்பை வெட்டி எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் சேர்த்துப் பிடித்து, ஒரு விரல் அகலத்தில், 3 இஞ்ச் நீளத்துக்கு, வரிசையாகக் கீறிக்கொண்டே போங்கள். தாவணிக் குஞ்சலம் மாதிரி தொங்கும். ஒவ்வொரு முன் நாடாவையும் அதன் பின் நாடாவோடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போடுங்கள். முடிச்சு போட்டதும் பை தயார் என்று தோன்றும். இல்லை. பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே ஓட்டை தெரியும். நான் முதலில் செய்த பையில் இதைக் கவனிக்கவில்லை. தெற்கு உழவர் சந்தையில் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் வாங்கிப் போட்டேன், வண்டி நிறுத்தும் இடத்துக்கு வருவதற்குள் கால் கிலோ தரையில் உருண்டுவிட்டது. கடை போட்டிருந்த அம்மா ஒருவர்தான் கூடவே குனிந்து பொறுக்கிக் கொடுத்து, “ஏனுங்க, பக்கத்து நாடாவோட இன்னொருக்கா முடிஞ்சா அடஞ்சுக்குமுங்க” என்றார். அவர் சொன்னதுதான் சரி. முதல் ஜோடியில் ஒரு நாடா, அடுத்த ஜோடியில் ஒரு நாடா, இரண்டையும் சேர்த்து முடிச்சு. கடைசி வரை அப்படியே போனால் ஓட்டை எல்லாம் அடைந்துவிடும். பிறகு பையை உள்வெளியாகத் திருப்பினால் குஞ்சலம் உள்ளே போய்விடும். குஞ்சலம் வெளியே தெரிய வேண்டும் என்று மகள் சொன்னதால் எங்கள் யானைப் பையைத் திருப்பவில்லை.

மூன்று கிலோ காய் தாராளமாகத் தாங்கும். தேங்காய், பூசணி வேண்டாம், பனியன் துணி இழுபட்டு முழங்கால் வரை வந்துவிடும். அதற்குக் கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுக்கும் மஞ்சப்பைதான் சரி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது, கடைகளில் துணி மாதிரியே இருக்கும் நான்-ஓவன் பை பரவியது. அதுவும் பிளாஸ்டிக்தான், பாலிப்ரோப்பிலீன். ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள், நூல் என்று ஒன்று வராது. வீட்டில் பை இருந்தும் கடையில் இன்னொரு பை வாங்குவதற்குக் காரணம் மறதி ஒன்றுதான். அதனால் இரண்டு பையை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலேயே போட்டு வைத்திருக்கிறோம். காயை இறக்கியதும் காலிப் பையைத் திரும்ப வண்டியில் வைப்பது மகனின் பொறுப்பு. அவன் ஒரு நாளும் மறந்ததில்லை.

பெரியவர்களின் டி-ஷர்ட் என்றால் நூலாக்கி மிதியடி பின்னலாம். பக்கத் தையல் இல்லாமல் குழாய் மாதிரி வரும் டி-ஷர்ட் கிடைத்தால் நல்லது. அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டி, அடி மடிப்பையும் எடுத்துவிட்டு, அந்தக் குழாயை விரியுங்கள். ஒரு பக்க ஓரத்தில் ஆரம்பித்து, ஒரு இஞ்ச் அகலத்தில் கீற்றுக் கீற்றாக வெட்டுங்கள். மறு ஓரத்துக்கு ஒன்றரை இஞ்ச் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். எல்லாக் கீற்றும் வெட்டிய பிறகு, வெட்டாத அந்தப் பகுதியை மட்டும் விரித்து, முதல் கீற்றிலிருந்து எதிரே உள்ள அடுத்த கீற்றுக்குச் சாய்வாக வெட்டிக்கொண்டே போனால் முழுச் சட்டையும் ஒரே நீள நாடாவாக வந்துவிடும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து இழுங்கள். ஓரம் தானாகவே உள்ளே சுருண்டு, உருண்டையான கயிறு மாதிரி ஆகும். டி-ஷர்ட்டுக்குப் போடும் சாதாரணப் பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியின் குணம் அது. கழுத்துப் பட்டியில் வரும் ரிப் துணி இப்படிச் சுருளாது, அதை ஒதுக்கிவிடுங்கள். இந்தச் சுருளலை முதல் தடவை பார்க்கும் குழந்தையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். என் மகன் “இன்னொன்னு, இன்னொன்னு” என்று அவன் அப்பா போட்டிருந்த பனியனையும் பிடித்து இழுத்தான்.

மூன்று நூலை ஜன்னல் கம்பியில் கட்டிக் கொடுத்தால் மகள் சடை பின்னுவாள். நான் சமைக்கும்போது அவள் பின்னிக்கொண்டே அன்றைய பள்ளிக் கதை சொல்வாள். ஒரு வாரத்தில் போதுமான சடை சேர்ந்துவிடும். பிறகு சடையைத் தரையில் வைத்து ஜாங்கிரி மாதிரி சுற்றிச் சுற்றி, கோணி ஊசியால் ஓரத்தோடு ஓரம் தைக்க வேண்டும். மடியில் வைத்துத் தைக்காதீர்கள், நூல் இறுகிக் கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். தரையில் தட்டையாக வைத்தே தையுங்கள். எங்கள் வாசல் மிதியடிக்கு ஆறு டி-ஷர்ட் ஆனது. மூன்று மழைக்காலம் தாண்டியும் அப்படியே இருக்கிறது.

துணி மேல் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், என் அம்மா வீடு ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம். பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டிய அணை அது. சாயத் தண்ணீர் தேங்கி, சுற்றியிருந்த கிணறெல்லாம் உப்பானது. அம்மாவின் அம்மாவான அம்முச்சியின் தோட்டத்தில் தென்னை பட்டுப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குப் பிறகுதான் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை இங்கே ஒழுங்காக வந்தது. இன்று சோறு போடுவதும் இதே தொழில்தான். ஒரு சாயமேற்றிய துணிக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதை ஒரு வருடத்தில் குப்பையில் போட எனக்கு மனசு வராது.

ராத்திரி அந்தப் பத்து நிமிடம் காய்கறிக் கழிவுக்கு. 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றில் பக்கவாட்டில் பதினைந்து, அடியில் ஐந்து ஓட்டை போட்டு, அடியில் தேங்காய் மட்டையைப் பிய்த்துப் பரப்புங்கள். அன்றன்றைய தோல், காம்பு, காபித்தூள் சக்கை, டீத்தூள் எல்லாம் பொடியாக நறுக்கிப் போட்டு, அதே அளவுக்குக் காய்ந்த இலைச் சருகு தூவி மூடுங்கள். வாரம் ஒரு முறை ஒரு டம்ளர் புளித்த மோர் தெளித்துக் கிளறிவிட்டால் போதும். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். வெள்ளைப் புழு வந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் மக்க வைக்கும் வேலையைத்தான் செய்கிறது. எண்ணெய்ச் சாப்பாடு, மீன் முள், எலும்பு மட்டும் போடாதீர்கள். வாளி நிறைந்ததும் ஓரமாக வைத்து அடுத்த வாளியை ஆரம்பியுங்கள். இரண்டு மாதத்தில் மழை பெய்த மண் வாசனையோடு கறுப்பு உரம் கிடைக்கும். மாமியார் அதில்தான் மொட்டை மாடியில் கறிவேப்பிலையும் கீரையும் வைத்திருக்கிறார்.

தரை துடைக்கும் நீரையும் வீட்டிலேயே செய்யலாம். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. பிளாஸ்டிக் டப்பாவில் கால்வாசி இடம் விட்டு நிரப்பி மூடுங்கள். வாயு சேர்வதால் கண்ணாடி பாட்டில் ஆகாது. முதல் மாதம் தினம் ஒரு முறை மூடியைத் திறந்து மூட வேண்டும். மூன்று மாதம் கழித்து வடிகட்டி, ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூடி. புளிப்புத் தன்மை இருப்பதால் மார்பிள் தரையில் வேண்டாம், பிளீச்சிங் பவுடரோடு எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள். பாத்திரம் தேய்க்க முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் நார் இருக்கிறது, விதையை உதறிவிட்டு அப்படியே வெட்டிப் பயன்படுத்தலாம்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நடக்காது, பாதியில் விட்டால் குழந்தைகளும் ஆர்வம் இழந்துவிடுவார்கள். இந்த ஞாயிறு ஒரு டி-ஷர்ட், ஒரு கத்தரிக்கோல், ஒரு டிபன் தட்டு எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். கீறிய நாடாக்களை முடிச்சுப் போடுவதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். ஐந்து வயது விரலுக்கு அந்த முடிச்சு நன்றாக வரும், இறுக்கம் பார்ப்பது மட்டும் உங்கள் வேலை.