நரம்பு வலி மாத்திரை: குறைந்த எரிச்சலையும் கூடிய கிறக்கத்தையும் கணக்குப் பார்ப்பது எப்படி?

முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வலி இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வாரம் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து "குறைஞ்சிருக்கா?" என்று டாக்டர் கேட்கும்போது பழைய வலியைச் சரியாக நினைவுபடுத்திச் சொல்ல யாராலும் முடியாது. நேற்று ராத்திரி தூங்கியிருந்தால் "பரவால்ல" என்போம், தூங்காவிட்டால் "ஒண்ணும் கேக்கல" என்போம். அந்தப் பதிலை வைத்து மருந்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

தினமும் மூன்று விஷயம் எழுதினால் போதும். ராத்திரி வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், எத்தனை முறை முழிப்பு வந்தது, உங்களுக்கு அவசியமான ஒரு வேலையை எவ்வளவு செய்ய முடிந்தது. அந்த வேலையை நீங்களே தேர்ந்தெடுங்கள். முக்கூடலில் பீடி சுற்றுகிறவருக்குத் தட்டை மடியில் வைத்து எத்தனை நேரம் உட்கார முடிகிறது என்பது. அம்பாசமுத்திரம் பக்கம் வயல் வேலை பார்ப்பவருக்கு வரப்பில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பது. எண் 8-லிருந்து 7-க்கு மட்டுமே இறங்கி, உட்காரும் நேரம் இரண்டு மடங்கானால் அது பெரிய லாபம். வலி எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

டாக்டரிடம் "கால் வலி" என்று மட்டும் சொன்னால் சாதாரண வலி மாத்திரையோடு திரும்பி வர வாய்ப்பு அதிகம். நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள்: "எறும்பு ஊருத மாதிரி இருக்கு", "மதமதன்னு இருக்கு", "சுரீர்னு இழுக்கு", "போர்வை பட்டாலே எரியுது". இந்தச் சொற்கள்தான் நரம்பு வலியின் அடையாளம். டைக்ளோஃபெனாக் போன்ற சாதாரண வலி மாத்திரைகள் இந்த வலிக்குப் பெரிதாகப் பயன்படாது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் கெடுதலும் செய்யும். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கத்தை விட வேண்டிய முதல் இடம் இதுதான்.

அப்படியே இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் கேளுங்கள். ஒன்று, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின். நரம்பு வலிக்கு எழுதும் பிரிகாபலினும் காபாபென்டினும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன, அது தளர்ந்திருந்தால் அளவைக் குறைத்தே ஆக வேண்டும். மற்றொன்று பி12 வைட்டமின். பல வருடம் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், அந்தக் குறைவே நரம்பைக் கெடுக்கும். குறை அதுவாக இருந்தால் வலி மாத்திரையை எத்தனை மாற்றினாலும் அடி மூலம் அப்படியே இருக்கும்.

எதிர்பார்ப்பையும் முதலிலேயே சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். வலி பூஜ்யம் ஆவது அரிது. மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே மருந்து வேலை செய்கிறது என்று பொருள், பாதி குறைந்தால் மிக நல்ல பலன். பல சோதனைகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கணக்குப்படி, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய, நரம்பு வலி மருந்துகளில் அமிட்ரிப்டிலின் வகையை ஏறக்குறைய 4 பேருக்கும், டுலாக்செட்டின் வகையை 6 பேருக்கும், காபாபென்டின், பிரிகாபலினை 7 அல்லது 8 பேருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. பக்கவிளைவு தாங்காமல் கூடுதலாக ஒருவர் நிறுத்துவது முதல் இரண்டு வகையிலும் பிரிகாபலினிலும் 12 முதல் 14 பேருக்கு ஒருவர், காபாபென்டினில் ஏறக்குறைய 26 பேருக்கு ஒருவர். ஒரு மருந்து உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் அது உங்கள் குற்றமல்ல, அடுத்த மருந்துக்குப் போவதே வழக்கமான வழி.

ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒரு படி ஏறும். படுக்கும் நேரத்தில் போட்டால் காலையில் தலை கனக்கும், அதனால் சாயங்காலம் 7, 8 மணிக்கே போட்டுவிடலாமா என்று கேளுங்கள். வாய் உலரும், மலச்சிக்கல் வரும். வாய் உலர்கிறதே என்று பனங்கற்கண்டை ஒதுக்கிக்கொண்டால் சர்க்கரை ஏறும், தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பதே நல்லது. புராஸ்டேட் வீக்கம், கண் நீர் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும். சளிக்கு வாங்கும் சி.பி.எம். மாத்திரை இதோடு சேர்ந்தால் மயக்கமும் வாய் உலர்வும் கூடும்.

பிரிகாபலின் பெரும்பாலும் ராத்திரி 75 மில்லிகிராமில் தொடங்கும். வயதானவருக்கு இன்னும் குறைவாகத் தொடங்கலாம். தலைசுற்றல், கிறக்கம், கால் வீக்கம், எடை கூடுவது ஆகியவை இதன் குணம். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்திப் பாருங்கள், குழி விழுந்தால் வீக்கம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் சாப்பிடுகிறவருக்கு அவற்றாலும் கால் வீங்கும். எதனால் என்று தெரியாமல் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு நாள் அதே தராசில் எடை பார்த்து நோட்டில் குறியுங்கள்.

காபாபென்டினை ஜெலுசில் போன்ற நெஞ்செரிச்சல் மருந்தோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். டுலாக்செட்டின் 30-இல் தொடங்கி 60-க்குப் போகும். முதல் வாரம் குமட்டும், சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குறையும். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ உள்ளவருக்கு இது ஆகாது. ட்ரமடால் என்ற வலி மாத்திரையோடு சேர்ப்பதும் ஆபத்து.

நம் ஊரில் அதிகம் எழுதப்படும் கூட்டு மாத்திரைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிகாபலினும், அமிட்ரிப்டிலின் வகையைச் சேர்ந்த நார்ட்ரிப்டிலினும் ஒரே மாத்திரையில், அல்லது பி12 வகையான மெத்தில்கோபாலமினும் சேர்ந்து வருகின்றன. தினம் ஒன்று போட்டால் போதும் என்பது வசதிதான். ஆனால் கிறக்கம் வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது, ஒன்றைக் குறைத்து மற்றொன்றை வைத்துக்கொள்ளவும் முடியாது. அதனால் தொடக்கத்தில் தனித்தனி மாத்திரையாகக் கேட்பது நல்லது. இரண்டும் ஒத்துக்கொண்டு அளவு நிலைத்த பிறகு கூட்டு மாத்திரைக்கு மாறிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும் என்பதும் இதனால்தான்.

முதல் இரண்டு வாரம்தான் ஆபத்தான காலம். பக்கவிளைவு முதல் நாளே வரும், பலன் மெதுவாக வரும். தராசின் ஒரு தட்டு மட்டும் நிரம்பியிருக்கும் இந்த நேரத்தில்தான் பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். தாங்கக்கூடிய கிறக்கமாக இருந்தால் பொறுத்துப் பாருங்கள், ஒன்று இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். அதுவரை பைக் ஓட்ட வேண்டாம். விடியற்காலையில் தாமிரபரணிப் படித்துறையில் தனியாக இறங்க வேண்டாம், பாசி பிடித்த படியும் சுற்றும் தலையும் சேர்ந்தால் இடுப்பெலும்பு முறியும். ராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். மதுவோ தூக்க மாத்திரையோ இந்த மருந்துகளோடு சேரவே கூடாது, மூச்சே மந்தமாகிவிடும்.

எரிச்சல் குறைந்தாலும் மரத்துப்போன கால் மரத்தேதான் இருக்கும். மருந்து உணர்ச்சியைத் திருப்பித் தருவதில்லை. ஆனித் தேருக்கு ரத வீதியில் வெறுங்காலோடு நடந்து கொப்பளம் வந்தாலும் தெரியாது. அன்றாடம் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்.

தாங்கும் அளவை எட்டிய பின் குறைந்தது இரண்டு வாரம் அதே அளவில் இருந்து, மொத்தம் ஆறு முதல் எட்டு வாரத்தில் கணக்குப் பாருங்கள். வலி மூன்றில் ஒரு பங்காவது குறைந்து, தேர்ந்தெடுத்த வேலையும் கூடியிருந்தால் தொடரலாம். வலி குறைந்து, கிறக்கத்தால் வேலை கெட்டிருந்தால் ஒரு படி இறக்கிப் பார்க்கலாம். இரண்டுமே இல்லை என்றால் மருந்தை மாற்றச் சொல்லுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் டாக்டர் தரும் நேரம் சில நிமிஷம்தான். "ராத்திரி எரிச்சல் 8-ல இருந்து 5 ஆச்சு டாக்டர், ஆனா காலைல பத்து மணி வரைக்கும் கெறங்குது" என்று ஒரே வரியில் சொன்னால் அந்த நேரத்திலேயே முடிவு கிடைக்கும். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, பையில் கொண்டு போங்கள்.

கணக்குப் பார்க்கக் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொள்வது, முகமும் உதடும் வீங்குவது, எழுப்பினால் எழாத தூக்கம், மயங்கி விழுவது ஆகியவற்றுக்கு 108-ஐக் கூப்பிடுங்கள். முக நரம்பு வலிக்குக் கார்பமசெபின் சாப்பிடுகிறவருக்குத் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். இந்த மருந்துகளில் சிலவற்றுக்கு அந்தக் குணமும் உண்டு. 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

நன்றாக இருக்கிறது என்று திடீரென நிறுத்தக் கூடாது. வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு வரும், அதை நோய் திரும்பியதாக நினைத்துவிடுவோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மருந்து இன்னும் தேவைதானா என்று டாக்டரிடம் கேட்டு ஒரு படி இறக்கிப் பாருங்கள். டுலாக்செட்டின் 60 என்றால் இரண்டு வாரம் 30, பிறகு நிறுத்தம். பிரிகாபலினை வாரத்துக்கு ஒரு படியாக இறக்கலாம். இறக்கும் வாரங்களிலும் நோட்டில் அதே மூன்றையும் எழுதுங்கள். எண் பழையபடி ஏறி, இரண்டு வாரமாகியும் இறங்கவில்லை என்றால், டாக்டரிடம் சொல்லி முந்தைய படிக்கே திரும்பிக்கொள்ளலாம்.