உடைந்த கிரேயானை உருக்குமுன் கொஞ்சம் நில்லுங்கள்

பக்கத்து வீட்டுப் பையனும் அவன் அம்மாவும் ஒரு டப்பா நிறைய உடைந்த கிரேயான்களை உருக்கி, அச்சில் புதுக் கிரேயான் வார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் முதல் தடவை செய்த தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்தார்கள். தாளை உரிக்க வேண்டும், கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விடுங்கள்.

அதிகச் சூட்டில் அப்படியே விட்டுவிடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தீராத தவறு இது. கிரேயான் பெரும்பாலும் பாரஃபின் மெழுகும் நிறமிப் பொடியும்தான். பொடி மெழுகில் கரைவதில்லை, பரவித்தான் கிடக்கிறது. மெழுகு தண்ணீர்போல் இளகி வெகுநேரம் அசையாமல் நின்றால் பொடி அடியில் படிந்துவிடும். மேலே மிஞ்சுவது வெறும் மெழுகு.

மகளின் பிறந்தநாளுக்காக நட்சத்திர வடிவில் 24 கிரேயான்கள் செய்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று ஓவனை 180 டிகிரிக்குத் திருப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். ஆறியதும் மேல்பக்கம் கண்ணாடிபோல் மின்னியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் காகிதத்தில் தேய்தேயென்று தேய்த்தும் ஒரு கோடு விழவில்லை. "இது மெழுகுவத்தியா?" என்று ஒரு வாண்டு கேட்டது.

கிரேயான் சுமார் 50–60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். ஓவனில் 110–120 டிகிரியும் 10–15 நிமிடமும் போதும். அதுவரை அங்கேயே நில்லுங்கள். எல்லாம் இளகியதும் எடுத்து, குச்சியால் அடிவரை கிளறுங்கள். நிறங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமா? அப்படியானால் ஓரிரு துண்டுகள் முழுதாக இளகுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டப்பாவை வைத்து உருக்குபவர்கள் கிளறிக்கொண்டே ஆறவிட்டு, ஓரம் லேசாக உறையத் தொடங்கும்போது அச்சில் ஊற்றலாம். பொடி கீழே இறங்க நேரம் இருக்காது.

கெட்டுப்போனதை மறுபடி உருக்கிக் கிளறினால் சரியாகிவிடும். அது தெரியாமல் 24-ஐயும் குப்பையில் கொட்டினேன். வயிற்றெரிச்சல் அதற்குத்தான்.

எல்லா வகையையும் ஒன்றாகப் போடுவது

தண்ணீரில் கழுவினால் போய்விடும் வகை கிரேயான்கள் சாதாரண கிரேயானோடு ஒழுங்காகக் கலப்பதில்லை. ஆயில் பேஸ்டலும் வேறு ஜாதி, ஆறினாலும் மெத்தென்றே இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டைத் தனியாக உருக்கிப் பாருங்கள்.

ஈரத்தோடு உருக்குவது

தாள் உரிய வெந்நீரில் ஊறவைத்தீர்களா? சரி, அப்புறம் நன்றாகக் காயவிடுங்கள். சூடான மெழுகுக்குள் தண்ணீர் இருந்தால் தெறிக்கும்.

நேரடித் தீ

கூடவே கூடாது. மீறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடிவிடுங்கள்.

மைக்ரோவேவ்

மெழுகு அதில் சரியாகச் சூடேறாது, பாத்திரம்தான் கொதிக்கும்.

ஃப்ரீசர்

சீக்கிரம் ஆறட்டும் என்று அவசரப்பட்டு உள்ளே வைத்தால் விரிசல்தான்.

மிச்சத்தை சிங்க்கில் கொட்டுவது

குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். சூடு இருக்கும்போதே பழைய காகிதத்தால் துடைத்தெடுங்கள். அந்தப் பாத்திரம் இனி சமையலுக்கு ஆகாது.

எல்லா நிறத்தையும் கலப்பது

சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் பழுப்பு, நீலமும் ஆரஞ்சும் சேர்ந்தாலும் ஏறக்குறைய அதே கதி. பக்கத்து வீட்டுப் பையன் ஏழு நிறத்தைப் போட்டுக் கலக்கிவிட்டு வானவில்லுக்குக் காத்திருந்தான். வந்தது சேறு. மரத்துக்குத் தண்டு வரைய ஆகும் என்று அதையும் பத்திரப்படுத்திக்கொண்டான்.